வரைபடத்தைத் தாளில் கொண்டுவருவது எப்படி?

கணினி மொழி பயிலும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் நிறைய உண்டு. ஒரு கிராஃப் வரைந்து திரையில் காட்டுவது அவர்களுக்கு விளையாட்டு. அதையே அச்சிட்டுப் பார்க்கும்போதுதான் சங்கடம் தெரியும். படம் வரைவதற்கென்று பிறர் எழுதி வைத்திருக்கும் நிரல் தொகுதிகளை 'லைப்ரரி' என்கிறார்கள். எந்த லைப்ரரி நல்லது என்பதைத் திரையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, தாளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

எனக்குப் பழக்கமான ரயில்வேயிலிருந்தே உதாரணம் சொல்கிறேன். வண்டிகளின் ஓட்டத்தைக் காட்டும் வரைபடம் ஒன்று அங்கே உண்டு. கிடைவாட்டில் நேரம், நெடுக்குவாட்டில் ஸ்டேஷன்கள், தூரத்துக்கேற்ற இடைவெளியில். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. கோடு செங்குத்தாக ஏறினால் வேகம் அதிகம். படுத்துக் கிடந்தால் வண்டி நிற்கிறது. ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் ஸ்டேஷனில்தான் சந்திக்க வேண்டும். நடுவழியில் வெட்டிக்கொண்டால் அந்த அட்டவணைப்படி வண்டி விட முடியாது! ஆகவே நிமிடம் பிசகாமல் படிக்கும்படி படம் இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளுக்கு 1440 நிமிடம். திரையில் படத்தின் அகலம் 1000 புள்ளி என்றால், ஒரு புள்ளிக்குள் 1.44 நிமிடம் அடங்கிவிடுகிறது. இதை அப்படியே பி.என்.ஜி. படமாகப் பிடித்து எவ்வளவு பெரிய தாளில் அச்சிட்டாலும் புள்ளிதான் பருக்கும்; தொலைந்த நிமிடம் திரும்பாது. ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. ஓரம் போக 277 என்று கொண்டால் நிமிடத்துக்கு 0.19 மி.மீ. கிடைக்கிறது. 600 டி.பி.ஐ. பிரிண்டரின் ஒரு புள்ளி சுமார் 0.042 மி.மீ. தான். பிரிண்டருக்கு நிமிடத்தைப் பிரித்துக் காட்டும் திறன் இருக்கிறது. நம் கண்ணுக்குத்தான் சிரமம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தாள் என்று மூன்றாகப் பிரித்தால் நிமிடத்துக்கு 0.58 மி.மீ. வரும். அது தாராளம்.

எனவே லைப்ரரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கோட்டைக் கோடாகவே பிரிண்டருக்கு அனுப்புமா, புள்ளிக் கூட்டமாக மாற்றி அனுப்புமா என்பதே. பைத்தான் மொழிக்கு மேட்பிளாட்லிப் இருக்கிறது. ஜான் ஹன்டர் தொடங்கிய இது 2003-இல் வெளிவந்தது. தாளின் அளவை அங்குலத்திலும் கோட்டின் கனத்தை பாயின்டிலும் (72 பாயின்ட் ஓர் அங்குலம்) கொடுத்து, பி.டி.எஃப். கோப்பாக எழுதி அச்சிடலாம். சி++ எழுதுபவர்கள் க்யூடியுடன் க்யூகஸ்டம்பிளாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜன்னலில் வரைவதையே பிரிண்டரிலும் வரையும். ஜாவாக்காரர்களுக்கு ஜேஃப்ரீசார்ட், அச்சிடும் வசதி அதனுள்ளேயே உண்டு.

உரிமத்தையும் படித்துவிட வேண்டும். க்யூகஸ்டம்பிளாட் ஜி.பி.எல். உரிமத்தில் வருவது. அதைச் சேர்த்த நிரலைப் பிறருக்குக் கொடுத்தால், உங்கள் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். இல்லையேல் வணிக உரிமம் வாங்க வேண்டும். மற்ற இரண்டிலும் இந்தக் கெடுபிடி இல்லை. ஜேஃப்ரீசார்ட் எல்.ஜி.பி.எல். வகை.

கோட்டின் கனத்தை 'ஒரு புள்ளி' என்று விட்டுவிடாதீர்கள். திரையில் நன்றாகத் தெரியும் கோடு, 600 டி.பி.ஐ. தாளில் சிலந்தி நூலாகிவிடும். அரை பாயின்ட், ஒரு பாயின்ட் என்று கொடுப்பதே சரி. வண்ணத்தை மட்டும் நம்புவதும் வேண்டாம். கறுப்பு வெள்ளைப் பிரிண்டரில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். விரைவு வண்டிக்கு முழுக்கோடு, சரக்கு வண்டிக்கு விட்டுவிட்ட கோடு என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் பெயர் எழுதுபவர்களுக்கு இன்னொரு சோதனை. யூனிகோடில் 'செ' என்பது முதலில் 'ச', பிறகு கொம்பு என்றே பதிவாகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுவருவது எழுத்தை வரையும் நிரலின் பொறுப்பு. க்யூடி இதைச் சரியாகச் செய்கிறது. மேட்பிளாட்லிப்பின் பழைய பதிப்புகள் செய்யவில்லை. செங்கோட்டை, பொள்ளாச்சி என்ற இரண்டு பெயர்களை அச்சிட்டுப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடைசியாக, படத்தின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளக் கோடு ஒன்று போட்டு, அச்சானதும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 96 அல்லது 97 வந்தால் லைப்ரரியைத் திட்டாதீர்கள். அச்சிடும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற இடத்தில் டிக் விழுந்திருக்கும். அதை எடுத்துவிட்டு, 'உண்மை அளவு' என்று மாற்றி மறுபடி அச்சிடுங்கள்.