தெரியாத பெயரில் வரும் கோரிக்கை எங்கே போகிறது?

ஒரே சர்வரில் பல தளங்களை வைத்து நடத்துகிறவர்கள், தங்களுக்குத் தெரியாத பெயரில் வரும் கோரிக்கை எங்கே போக வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்துவிட வேண்டும். நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை இதைத் தள்ளிப்போட்டதால் வந்தவைதான்.

ஐபி முகவரி ஒன்றுதான், தளங்கள் பல. பிரவுசர் அனுப்பும் ஹோஸ்ட் ஹெடரை வைத்துத்தான் எந்தத் தளம் என்று சர்வர் பிரித்தறிகிறது. 1997-இல் வந்த எச்டிடிபி 1.1 அதைக் கட்டாயமாக்கியது. அந்த ஹெடரில் வரும் பெயர் எந்தத் தளத்தோடும் பொருந்தாவிட்டால் சர்வர் பிழை காட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காட்டாது. நாம் எதையும் குறித்துச் சொல்லாதவரை, கோரிக்கை வந்த போர்ட்டில் முதலாவதாக இருக்கும் தளத்தை என்ஜின்எக்ஸும் அப்பாச்சியும் எடுத்துக் கொடுத்துவிடும். உபுண்டுவில் அப்பாச்சி கான்ஃபிக் கோப்புகளை அகர வரிசையில் படிக்கிறது. அதோடு வரும் முதல் கோப்பின் பெயர் மூன்று பூஜ்ஜியங்களில் தொடங்குவது அதனால்தான்.

ஒரு ஜவுளிக்கடைக்காரர், கான்ஃபிக் எழுதும் முன்பே டொமைனை சர்வருக்குத் திருப்பிவிட்டார். அவருடைய முகவரியில் ஒரு பல் மருத்துவரின் பக்கம் வந்து நின்றது. "சார், யாரோ சைட்டை ஹேக் பண்ணிட்டாங்க" என்று பதறிப்போய் போன் செய்தார். யாரும் ஹேக் செய்யவில்லை. வரிசையில் முதலில் இருந்தது பல் மருத்துவர்.

அதற்குப் பிறகு எந்த சர்வரிலும் ஒரு காலித் தளத்தைத்தான் டீஃபால்ட்டாக வைக்கிறேன். என்ஜின்எக்ஸில் அது 444 என்ற எண்ணைத் திருப்பினால் போதும், பதில் எதுவும் அனுப்பாமல் இணைப்பு மூடப்படும். இதை போர்ட் 80-க்கு மட்டும் செய்துவிட்டு, எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443-ஐ விட்டுவிடாதீர்கள். எச்டிடிபிஎஸ்ஸில் ஹோஸ்ட் ஹெடர் வருவதற்கு முன்பே, இணைப்பின் தொடக்கத்தில் பிரவுசர் எஸ்என்ஐ வழியாகச் சொல்லும் பெயரைப் பார்த்துச் சான்றிதழ் தேர்ந்தெடுக்கப்பட்டுவிடுகிறது. தெரியாத பெயரை அந்தக் கட்டத்திலேயே மறுக்கும் வசதி என்ஜின்எக்ஸ் 1.19.4-இலிருந்து இருக்கிறது.

சோதிக்கும்போது பலர் கர்ல் கட்டளையில் ஐபி முகவரியைக் கொடுத்து, ஹோஸ்ட் ஹெடரை மட்டும் மாற்றிப் பார்க்கிறார்கள். எச்டிடிபிஎஸ்ஸுக்கு அது உதவாது, எஸ்என்ஐ பெயர் போகவே போகாது. கர்லின் ரிசால்வ் ஆப்ஷனைப் பயன்படுத்துங்கள். டிஎன்எஸ்ஸைத் தொடாமலே உண்மையான பெயரோடு புதிய சர்வரைச் சோதித்துவிடலாம்.

உங்கள் சர்வரில் இப்போது டீஃபால்ட்டாக இருப்பது யாருடைய தளம்? அப்பாச்சி கன்ட்ரோல் கட்டளையைப் பெரிய எஸ் ஆப்ஷனோடும், என்ஜின்எக்ஸைப் பெரிய டி ஆப்ஷனோடும் இன்றே ஓட்டிப் பாருங்கள்.