கொல்லிமலைப் பேருந்தும் மெய்நிகர் கண்ணாடியும்



நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? அடிவாரமான காரவள்ளியைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். மொத்தம் 70. பாதி வளைவுகள் முடிவதற்குள்ளேயே சிலருக்கு வாயில் நீர் ஊறும், முகம் வெளிறும், கை எலுமிச்சம்பழத்தைத் தேடும். தலையைக் குனிந்து புத்தகம் படித்துக்கொண்டு வருபவர் பாடு இன்னும் மோசம்.

இதே குமட்டல் எனக்கு ஒருமுறை அசையாத நாற்காலியில் அமர்ந்தபடியே வந்தது! கல்லூரிக் கண்காட்சி ஒன்றில் மெய்நிகர் விளையாட்டுக் கண்ணாடியை முதன்முறையாக அணிந்திருந்தேன். தண்டவாள வண்டி ஒன்று என்னைச் சுமந்துகொண்டு மலைச்சரிவில் பாய்ந்தது. நாற்காலியின் கைகளை இறுகப் பற்றினேன். இரண்டாம் நிமிடம் வியர்த்துக் கொட்டவே, கழற்றிவிட்டேன். எனக்குப் பின் அணிந்த மாணவன் ஒருவன், பிறர் கேலி செய்வார்களே என்று பயந்து கழற்றாமலே இருந்தான், இறுதியில் வாந்தியெடுத்தான்.

பேருந்து அசைந்தது, நாற்காலி அசையவில்லை. பின் இரண்டிலும் ஒரே தொல்லை ஏன்?

கண் சொல்லும் செய்தி

முதலில் கண்ணாடிக்குள் நடப்பதைக் காண்போம். ஒரு கட்டைவிரலை முகத்துக்கு எதிரே நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். பின்னணியை ஒட்டி விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். நம் கண்களுக்கு இடையே ஏறத்தாழ 6 செ.மீ. தூரம் இருப்பதால், இரண்டும் சற்றே வேறுபட்ட காட்சிகளைக் காண்கின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டு மூளை தொலைவை உணர்கிறது. இதை 1838-இல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன், இரு கண்களுக்கும் இரு தனிப்படங்களைக் காட்டும் கருவி மூலம் விளக்கினார்.

மெய்நிகர் கண்ணாடியிலும் இரு கண்களுக்கும் தனித்தனிப் படங்கள். ஆனால் திரை கண்ணுக்கு மிக அருகில் உள்ளது. அவ்வளவு அருகில் உள்ள பொருளை வெறுங்கண்ணால் தெளிவாகக் காண முடியாது. எனவே ஒவ்வொரு கண்ணுக்கு முன்னும் ஒரு குவிலென்சு வைத்து, திரையை அதன் குவியத்துக்குச் சற்று உள்ளே அமைக்கிறார்கள். நீங்கள் பாடத்தில் படித்த மாய பிம்பம், பெரிதாகவும் தொலைவிலும் தோன்றுகிறது.

1984-இல் வெளிவந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற முப்பரிமாணப் படத்திலும் இரு கண்களுக்கு இரு காட்சிகள்தாம். ஆனால் திரையரங்கில் தலையைத் திருப்பினால் சுவர்தான் தெரியும். மெய்நிகர் கண்ணாடியில் தலை திரும்பும் திசைக்கேற்பக் காட்சியும் மாறும். தலையோடு மாறும் இத்தகைய காட்சியை அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் 1968-இலேயே செய்து காட்டினார். இன்றைய கருவிகளில் உணரிகள் தலையின் அசைவை அளக்கின்றன. அசைவுக்கும் காட்சி மாற்றத்துக்கும் இடையே 20 மில்லிவினாடிக்கு மேல் தாமதம் கூடாது என்பது வடிவமைப்பாளர்களின் குறிக்கோள்.

காது சொல்லும் செய்தி

ஒரு டம்ளர் தண்ணீரில் சிறிது மிளகுத்தூளைத் தூவி, டம்ளரைச் சட்டென்று சுழற்றுங்கள். டம்ளர் திரும்பும்; தூள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். இதுவே நிலைமம். நம் உட்செவியிலும் இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு காதிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள திரவம் பின்தங்கி, நுண்ணிய மயிரிழைகளை வளைக்கிறது. மூளைக்குச் செய்தி போகிறது. தட்டாமாலை சுற்றி நின்றபின்னும் உலகம் சுழல்வது ஏன்? நாம் நின்றாலும் திரவம் நிற்கவில்லை!

இப்போது விடை எளிது. பேருந்தில் புத்தகம் படிப்பவருக்குக் காது, "திரும்புகிறோம்" என்கிறது. கண், "அசையவில்லை" என்கிறது. மெய்நிகர் வண்டியில் கண், "பாய்கிறோம்" என்கிறது. காது, "அமர்ந்திருக்கிறோம்" என்கிறது. இரு சாட்சிகளும் முரண்படவே மூளை குழம்புகிறது. அதன் விளைவே குமட்டல். இது கோழைத்தனம் அன்று. உட்செவி ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம்.

முதன்முறை அணிவோருக்கு

உட்செவி முடுக்கத்தைத்தான் உணரும். சீரான வேகத்தை உணராது. எனவே வேகம் சட்டென்று மாறும் விளையாட்டுகளைத் தொடக்கத்தில் தவிர்க்க வேண்டும். நின்ற இடத்தில் நீங்களே தலையையும் கைகளையும் அசைத்து ஆடும் விளையாட்டே நல்லது; அங்கே கண்ணும் காதும் ஒத்துப்போகும். தயாரிப்பாளர் குறித்துள்ள வயது வரம்பைப் பாருங்கள். சுற்றிலும் மேசை, சுவர் தட்டாத இடம் வேண்டும். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். கொட்டாவி, வியர்வை, வாயில் நீர் ஊறுதல் தோன்றினால் உடனே கழற்றுங்கள். தலைசுற்றல் தீருமுன் சைக்கிள் ஏறாதீர்கள். நண்பன் கழற்றினால் சிரிக்காதீர்கள்.

சிந்திக்க ஒரு கேள்வி: கொல்லிமலைப் பேருந்தில் அத்தனை வளைவுகளிலும் திரும்பும் ஓட்டுநருக்கு மட்டும் ஏன் பெரும்பாலும் குமட்டுவதில்லை? அவர் கண் எங்கே இருக்கிறது, அடுத்த வளைவை முன்கூட்டியே அறிந்தவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். விடை கிடைத்துவிடும்.