மெயில் சர்வரில் ஜிம்லெட்டை நிறுத்துவது எப்படி?

ஆடி மழையில் குன்னூரில் உட்கார்ந்து மெயில் திறந்தவர்களுக்குத் தெரியும், பக்கம் வருவதற்குள் டீ ஆறிவிடும். லைன் மட்டும் காரணமில்லை நண்பர்களே. ஜிம்ப்ரா சர்வரில் 'ஜிம்லெட்' என்ற துணை நிரல்கள் உண்டு. நாம் உள்ளே நுழையும்போது அவையும் சேர்ந்து பிரௌசருக்கு இறங்கும். வேண்டாததை நிறுத்தினால் பாரம் குறையும்.

அதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. 2020-ல் வெளிவந்த ஓட்டை ஒன்றைக் கேளுங்கள். 8.8.15 பதிப்பின் 7-ஆம் பேட்ச்சுக்கு முந்தைய சர்வரில் வெப்எக்ஸ் ஜிம்லெட் இருந்து, ஜிம்லெட் ஜே.எஸ்.பி.யும் இயங்கினால், வெளியாள் கொடுக்கும் முகவரிக்குச் சர்வரே போய்க் கேட்கும். ஃபயர்வாலுக்கு உள்ளே இருக்கிற மெஷினாக இருந்தாலும் சரி. வாட்ச்மேனே திருடனுக்காக வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்த கதைதான்!

செய்முறைக்கு வருவோம். நான் டெஸ்ட் மெஷினில் போட்டுப் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் ரூட்டிலிருந்து ஜிம்ப்ரா யூசருக்கு மாறணும். கமாண்டின் பெயர் 'இஸட்எம்ஜிம்லெட்சிடிஎல்', எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. அதோடு 'லிஸ்ட்ஜிம்லெட்ஸ்' கொடுத்தால் பட்டியல் வரும். வேண்டாத பெயரை அப்படியே காப்பி பண்ணுங்க, கையால் அடித்தால் அடிக்கோடு விட்டுப்போகும். அடுத்து அதே கமாண்ட், 'டிசேபிள்', பெயர். பிறகு கேஷைக் காலி செய்ய 'இஸட்எம்ப்ராவ் எஃப்சி ஜிம்லெட்'. யூசர் ஒருமுறை வெளியே வந்து மறுபடி நுழையணும்.

பலரும் குழம்புவது இங்கேதான். டிசேபிள் செய்தால் யூசருக்குக் கிடைக்காது, அவ்வளவுதான். ஃபைல் சர்வரிலேயே கிடக்கும், 'எனேபிள்' கொடுத்தால் திரும்ப வரும். ஓட்டையுள்ள ஜிம்லெட் என்றால் அது போதாது. 'அன்டிப்ளாய்' கொடுத்துக் கழற்றணும், பேட்ச்சும் போடணும். அப்புறம் மறுபடி பட்டியல் எடுத்துப் பாருங்க, அந்தப் பெயர் அதில் இருக்கக்கூடாது.