ஊசியை நிறுத்தி மாத்திரை தருகிறார்களே, சரியா?

கேள்வி: டாக்டர், என் அம்மா சர்க்கரை நோயாளி. குடல் ஆபரேஷனுக்குப் பிறகு ஐ.சி.யூ.வில் இருந்தபோது ரத்தத்தில் காண்டிடா பூஞ்சை பரவிவிட்டது என்றார்கள். தினமும் மைக்காஃபங்கின் ஊசி மருந்து ஏற்றினார்கள். ஆறாம் நாள் அதை நிறுத்திவிட்டு ஃப்ளூகோனசோல் மாத்திரை தருகிறார்கள். முன்பு வெள்ளைப்படுதலுக்கு நான் போட்டதும் அதே மாத்திரைதான். செலவைக் குறைக்க மாற்றிவிட்டார்களோ என்று வீட்டில் ஒரே பேச்சு.
– வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: உங்கள் பயம் புரிகிறதம்மா. ஆனால் ஊசியில் தொடங்கி மாத்திரைக்கு மாறுவது ஏற்கப்பட்ட முறைதான். 2016-இல் வெளியான அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவச் சங்க வழிகாட்டியும் இதையே சொல்கிறது.

பிளட் கல்ச்சர் என்ற ரத்தப் பரிசோதனையில் பூஞ்சை தெரிந்த அன்றே அதன் இனம் தெரிந்துவிடாது. அதுவரை காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் பெரும்பாலான காண்டிடா இனங்களைக் கொல்லக்கூடிய மைக்காஃபங்கின், காஸ்போஃபங்கின் போன்ற ஊசியில் தொடங்குகிறோம்.

இனம் தெரிந்தபின் கணக்கு மாறும். அல்பிகன்ஸ் என்ற காண்டிடா இனம் பெரும்பாலும் ஃப்ளூகோனசோலுக்கு அடங்கும். குருசேய் அடங்கவே அடங்காது. கிளப்ராட்டாவுக்கு அதிக டோஸ் வேண்டும், அல்லது ஊசியையே தொடர வேண்டும். 2009-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட ஆரிஸ், பெரும்பாலும் இந்த மாத்திரையை எதிர்த்து நிற்கும். நம் ஆசியாவில் டிராபிகாலிஸ் அதிகம். இந்தியாவில் 27 ஐ.சி.யூ.க்களில் நடந்த ஆய்வில் அதுவே முதலிடம், 41.6 சதவீதம். அதிலும் சில வகைகள் ஃப்ளூகோனசோலை எதிர்க்கின்றன. ஆகவே இனத்தின் பெயர் மட்டும் போதாது, எந்த மருந்து கேட்கும் என்ற பரிசோதனை முடிவும் வேண்டும்.

அது சாதகமாக இருந்து, நோயாளி தேறி, மறு கல்ச்சரும் சுத்தமாக வந்தால் மாத்திரை போதும். விழுங்கிய ஃப்ளூகோனசோலில் 90 சதவீதத்துக்கு மேல் ரத்தத்தில் சேர்ந்துவிடும். மைக்காஃபங்கின் சரியாகப் போய்ச் சேராத கண்ணுக்கும் சிறுநீர்ப் பாதைக்கும்கூட அது போகும். நீங்கள் அன்று போட்டது பெரும்பாலும் 150 மில்லிகிராம், ஒரே வேளை. அம்மாவுக்கு வழக்கமாகத் தினமும் 400 மில்லிகிராம் வரை தேவைப்படும். சிறுநீரகம் பழுதாக இருந்தால் குறைப்பார்கள்.

வார்டு டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: எந்த இனம்? மருந்துப் பரிசோதனை முடிவு என்ன? கழுத்தில் டியூப் போட்டிருந்தால் அதை எடுத்தாயிற்றா? கண் டாக்டர் பார்த்தாரா? கல்ச்சர் எந்தத் தேதியில் சுத்தமானது? கண் போன்ற வேறு உறுப்புகளில் தொற்று இல்லையென்றால், அந்தத் தேதியிலிருந்து 14 நாள் மருந்து தொடர வேண்டும். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடக் கூடாது.

இன்னொன்று முக்கியம். அம்மா கிளைகிளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால், ஃப்ளூகோனசோலோடு சேரும்போது சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். வார்ஃபரின், சிம்வாஸ்டாட்டின் மருந்துகளோடும் இது ஒத்துப்போகாது. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.