மதுவில் பயன் உண்டென்றால் மயங்கலாமா?

"அளவாக மது அருந்தும் பெண்களுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் குறைவு." இப்படி ஒரு செய்தி பத்திரிகையில் வந்தால் நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழும். ஒருவர், "இதெல்லாம் கட்டுக்கதை, மார்க்கத்தைக் குலைக்கக் கிளப்பிவிட்டது" என்பார். இன்னொருவர் வாய்திறந்து சொல்லமாட்டார், ஆனால், "பயனுள்ள ஒன்றை அல்லாஹ் ஏன் தடுத்தான்?" என்ற ஐயம் அவர் உள்ளத்தை அரிக்கும். இருவர் நிலையும் சரியன்று.

முதலில், செய்தி கட்டுக்கதை அல்ல. ஸ்வீடன் நாட்டில் 40 முதல் 76 வயது வரையுள்ள 59,237 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2005ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். மிகக் குறைவாக மது அருந்தியவர்களையும் அருந்தாதவர்களையும் விட, ஓரளவு அருந்தியவர்களிடம் இந்நோய் 38 சதவிகிதம் குறைவாகக் காணப்பட்டது. 2007இல் 12 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ இதே போக்குத் தெரிந்தது. உண்மையைப் பொய் என்று மறுப்பது முஸ்லிமுக்கு அழகல்ல.

ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். அந்த 59,237 பெண்களில் இந்நோய் கண்டவர்கள் 132 பேர்; அதாவது ஆயிரத்துக்கு இரண்டு பேர் அளவில். சிறிய எண்ணிலிருந்து 38 சதவிகிதம் குறைந்தால் குறைவதும் சிறிதே. மேலும், மதுதான் நோயைக் குறைத்தது என்று இவ்வாய்வுகள் நிரூபிக்கவில்லை. அளவோடு குடிப்பவர்களின் உணவு, உடல்நிலை, வசதி ஆகியவையும் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டிருக்கலாம் அல்லவா?

இனித் தராசின் மறுதட்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான பொருள்களின் வரிசையில் மதுபானங்களை 1988இலேயே சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், குடல் ஆகியவற்றோடு பெண்களின் மார்பகத்தையும் மது தாக்குகிறது. 53 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான கணக்கின்படி, வளர்ந்த நாடுகளில் குடிக்காத பெண்கள் ஆயிரம் பேரில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் காண்பவர்கள் 88 பேர். நாளொன்றுக்கு ஒரு கிண்ணம் அருந்துவோரில் அது 94; இரண்டு கிண்ணமானால் 101. 2022ஆம் ஆண்டில் உலகில் சிறுநீரகப் புற்றுநோய் கண்ட பெண்கள் ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று அதிகம். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களோ சுமார் 23 இலட்சம். அரிதான நோய்க்கு அஞ்சிப் பரவலான நோயை விலைக்கு வாங்குவது அறிவுடைமையா?

சகோதரிகளே! இந்தத் தராசை நமக்கு முன்பே காட்டியது திருமறை. அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம், மதுவில் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறைக்கவில்லை. அதன் பாவம் பயனைவிடப் பெரிது என்றே அறிவிக்கிறது. பின்னர் அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் முற்றாக விலக்கியது. ஆகவே, ஏதோ ஒரு பயன் இருப்பதாக ஆய்வு சொன்னால் நம் ஈமான் ஏன் ஆட்டங்காண வேண்டும்? மது ஹராமானது மருத்துவர் சொன்னதால் அல்ல, அல்லாஹ் விலக்கியதால். நாளை ஆய்வின் முடிவு மாறினாலும் விலக்கு மாறாது.

மருந்துக்காக மது தயாரிப்பதாகக் கூறிய நபித்தோழரிடம், அது மருந்தல்ல, நோய் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

அப்படியானால் சிறுநீரகத்தைக் காக்க வழி என்ன? ஹலாலான வழிகளே உள்ளன. இந்நோய்க்கு உறுதிப்பட்ட காரணங்களில் முக்கியமானவை புகைபிடித்தல், உடற்பருமன், இரத்தக்கொதிப்பு ஆகிய மூன்றும். வீட்டில் பீடி, சிகரெட் புகையாதிருக்கட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று உப்பு மிகுவதைக் குறையுங்கள். விருந்தென்றால் பிரியாணி வேண்டியதுதான். தினமும் விருந்து வேண்டாம். முப்பது வயது கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சிறுநீரில் இரத்தம் கலந்து வந்தாலும், விலாப்பக்கத்தில் வலி நீடித்தாலும், "மாதவிடாய்க் கோளாறாக இருக்கும்" என்று எண்ணி வெட்கத்தால் மறைக்கும் தாய்மார்கள் பலர். வலியில்லாமல் ஒரே ஒருமுறை இரத்தம் வந்து நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். தொடக்கத்தில் கண்டால் அறுவை சிகிச்சையால் குணமாக நல்ல வாய்ப்புண்டு. மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் தடையாகவில்லை என்று அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். உடலும் அல்லாஹ் தந்த அமானிதமே. அதைப் பற்றிக் கேட்கவும் வெட்கம் தடையாக வேண்டாம்.

ஹராமில் ஆரோக்கியம் தேடாமல், ஹலாலில் அதைப் பேணிக்கொள்ளும் நல்லறிவை அல்லாஹ் நம் எல்லோருக்கும் அருள்வானாக! ஆமீன்.