கோடையில் போர் தண்ணீர்: இப்போதே செய்ய வேண்டியவை

சித்திரை வெயில் ஏறிவிட்டது. தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் எனச் சென்னையின் தெற்குப் புறநகரில் போர்வெல் மட்டம் இறங்கும் காலம் இது. மட்டம் இறங்க இறங்க, பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கிய நீர்தான் மேலே வரும். அதில் கால்சியமும் மக்னீசியமும் கூடுதல். தை மாதம் நன்றாக நுரைத்த சோப்பு இப்போது திரிந்து போவதும், குழாய் முனையில் வெள்ளை பூப்பதும், துவரம்பருப்பு வழக்கமான விசிலுக்கு மசியாததும் அதனால்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பகுதியில் நிலைமை வேறு. அங்கே அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீரே உள்ளே வரும், நாக்கில் கரிக்கும். இந்த இரண்டுக்கும் தீர்வு ஒன்றல்ல.

ஆகவே எந்தக் கருவியையும் வாங்குமுன் தண்ணீரைப் பரிசோதியுங்கள். விற்பனையாளர் கொண்டுவரும் டி.டி.எஸ். மீட்டர், கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் தோராயமாகக் காட்டும். கடினத்தன்மை எவ்வளவு, கிருமி உண்டா என்பதெல்லாம் அதில் தெரியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். மொத்தக் கடினத்தன்மை, டி.டி.எஸ்., குளோரைடு, இரும்பு, நைட்ரேட், ஈ.கோலி ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் நைட்ரேட்டையும் ஈ.கோலியையும் விட்டுவிடவே கூடாது. செப்டிக் டேங்க் கசிவு இவ்விரண்டில்தான் தெரியும். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதி உண்டு. நைட்ரேட் 45ஐத் தாண்டக் கூடாது. ஈ.கோலி இருக்கவே கூடாது.

கடின நீர் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. தண்ணீரைக் குறைவாகக் குடித்தால் கல் வரும் என்பதுதான் உறுதியானது. ருசி பிடிக்கவில்லை என்று வெயில் காலத்தில் பிள்ளைகள் தண்ணீரைத் தவிர்ப்பதே எனக்குக் கவலை தருகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து சம்ப்பில் இருக்கிறது. மெட்ரோ தண்ணீர், லாரி தண்ணீர், போர் தண்ணீர் மூன்றையும் பல குடியிருப்புகளில் ஒரே சம்ப்பில் கலந்து விடுகிறார்கள். நல்ல நீரும் கெட்டுப்போகிறது. முடிந்தால் சமையலறைக்கு மட்டும் தனிக் குழாயும் தனித் தொட்டியும் வையுங்கள். சம்ப்பையும் மேல்தொட்டியையும் இந்த மாதமே கழுவிவிடுங்கள். மூடிக் கிடந்த சம்ப்பில் யாரையும் திடீரென இறக்காதீர்கள். உள்ளே மூச்சுமுட்டி இறந்தவர்கள் உண்டு. கழுவி நிரப்பிய பிறகு, 10,000 லிட்டருக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் 25 கிராம் போதும். வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். கழிவறை ஆசிட்டை இதன் அருகே கொண்டுவரவே வேண்டாம். இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும். பரிசோதனையில் கிருமி இருந்தால், குடிக்கும் நீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்தே குடியுங்கள். பாத்திரத்தில் படியும் வெள்ளைப் பொடி சுண்ணாம்புதான், தீங்கில்லை.

சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். குளிக்க, துவைக்க அருமை, டி.டி.எஸ். குறையாது, கரிப்பும் போகாது. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்திருப்பவர்கள் அந்த நீரைக் குடிக்க வேண்டாம். டி.டி.எஸ். 500க்குக் கீழே இருந்து மற்றவையும் சரியாக இருந்தால் ஆர்.ஓ. தேவையே இல்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், அது வெளியேற்றும் நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள். உப்பு மிகுந்த அந்த நீர் செடிகளுக்கு ஆகாது.

கீசரை 55 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு கூடக் கூட உப்பு படிவது கூடும், மின்கட்டணமும் ஏறும். அடைத்த ஷவர் தலையைக் கழற்றி, எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் ஊறவைத்தால் போதும்.

மழைநீர்ச் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. பெரும்பாலான வீடுகளில் குழாய் இருக்கிறது, குழி தூர்ந்து கிடக்கிறது. தரை காய்ந்திருக்கும் இப்போதே அதைத் திறந்து, வண்டலை அள்ளி, கூழாங்கல்லைக் கழுவிப் போடுங்கள். மொட்டைமாடி நீர் போர்வெல் அருகே இறங்கினால் அடுத்த கோடையில் கடினத்தன்மை குறைய வழியுண்டு. உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஆய்வக அறிக்கையை முதல் பொருளாக வையுங்கள். குழியைச் சுத்தம் செய்யும் தேதியையும் அன்றே குறித்துவிடுங்கள்.