உறக்கமும் கவலையும்

உயிர்களுக்கு இயற்கை அளித்துள்ள செல்வங்களுள் உறக்கமும் ஒன்று. உணவின்றிப் பல நாள் நோன்பிருப்பார் உளர். உறக்கமின்றி இரண்டு நாள் கழிப்பதும் பெரும்பாடு. அதனை விலை கொடுத்து வாங்கவும் இயலாது; பிறரிடம் இரவல் பெறவும் இயலாது. இத்தகைய அருஞ்செல்வத்தைக் கவர்ந்து செல்லும் கள்வன் ஒருவன் உளன். அவன் பெயர் கவலை.

இவ்வுண்மையைப் பண்டைத் தமிழ்ப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, பாசறையில் தங்கிய வேந்தன் ஒருவனை நம் கண்முன் நிறுத்துகிறது. காவலர் காவல் புரிகின்றனர். நாழிகைக் கணக்கர் பொழுதை அளந்து உரைக்கின்றனர். பள்ளியறையும் பாதுகாப்பாக அமைந்துள்ளது. ஆயினும் வேந்தனுக்குக் கண் மூடவில்லை. புண்பட்ட யானைகளும், தமக்காக உயிர் நீத்த வீரரும், அம்பு தைத்து உணவு மறுத்து நிற்கும் குதிரைகளும் அவன் நினைவில் வந்து வந்து நிற்கின்றன. மெய்காவலர் பகைவரைத் தடுப்பர். நினைவைத் தடுப்பவர் யார்?

கவலை உறக்கத்தைக் கெடுக்கும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் அது பாதி உண்மையே ஆகும். உறக்கக் குறைவு தானே கவலையைப் பிறப்பிக்கும் என்பது மற்றைப் பாதி. இதனைத் தெளிவாக விளக்கியவர் அண்மைக் காலத்து அறிவியலார்.

1963-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க நாட்டுச் சான் டியேகோ நகரில், ராண்டி கார்ட்னர் என்னும் 17 வயது மாணவன் பள்ளி அறிவியற் கண்காட்சியின் பொருட்டு உறங்காதிருக்கத் துணிந்தான். தொடர்ந்து 264 மணி நேரம், அதாவது பதினொரு நாள், விழித்திருந்தான். உறக்க ஆராய்ச்சியில் வல்லவரான வில்லியம் டிமென்ட் என்பார் உடனிருந்து நோக்கினார். நாள் செல்லச் செல்ல அம்மாணவன் சிறு செயலுக்கும் சினந்தான். சற்றுமுன் செய்ததை மறந்தான். இல்லாத தோற்றங்கள் அவனுக்குப் புலனாயின. பின்னர் ஏறத்தாழ 14 மணி நேரம் உறங்கி எழுந்து தெளிவு பெற்றான். இத்தகைய முயற்சிகள் தீங்கு விளைக்கக் கூடியவை. ஆதலின் இவற்றைச் சாதனையாகப் பதிவு செய்யும் வழக்கம் பிற்காலத்தில் கைவிடப்பட்டது.

இம்மாற்றங்கள் எவ்வாறு நேர்கின்றன? மூளையின் உட்பகுதியில் வாதுமைக் கொட்டை வடிவான உறுப்பு ஒன்று உண்டு. அதனை அமிக்டலா என்பர். ஆபத்தை உணர்ந்து அச்சத்தை எழுப்புவது அதன் தொழில். நெற்றியை அடுத்துள்ள மூளைப் பகுதியோ, 'இது அஞ்சத் தக்கது; இது அஞ்சத் தகாதது' என்று ஆராய்ந்து அதனை அடக்கும். முன்னதைக் குதிரை என்றால் பின்னதைக் கடிவாளம் எனலாம். 2007-ஆம் ஆண்டில் மாத்தியூ வாக்கர் முதலிய அறிஞர், ஓர் இரவு முழுதும் உறங்காதவர்களின் மூளையைக் கருவிகளால் ஆராய்ந்தனர். துன்பக் காட்சிகளைக் கண்டபோது அவர்களுடைய அமிக்டலா, நன்கு உறங்கியவர்களுடையதைவிட 60 விழுக்காடு மிகுதியாகக் கிளர்ந்தது. கடிவாளமோ தளர்ந்திருந்தது. 2019-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, உறங்காத இரவுக்குப் பின் கவலை 30 விழுக்காடு வரை உயர்வதையும், ஆழ்ந்த உறக்கம் மிகுந்தால் மறுநாட் கவலை குறைவதையும் காட்டியது.

ஆகவே கவலையும் உறக்கமின்மையும் ஒன்றையொன்று உருட்டிச் செல்லும் சக்கரம் போன்றவை. தேர்வுக்கு அஞ்சும் மாணவன் ஒருவனைக் காண்போம். அச்சத்தால் அவன் நள்ளிரவு வரை விழித்துப் படிக்கிறான். கற்றது மனத்தில் நிலைபெறுவதற்கும் உறக்கம் வேண்டும். அதனை இழந்தமையால் மறுநாள் படித்தவை நினைவுக்கு வரவில்லை. முன்னினும் மிகுதியாக அஞ்சுகிறான். அன்றிரவும் உறக்கம் வரவில்லை. அவனுடைய அறிவு குறைந்துவிடவில்லை. அவனுக்குக் குறைந்தது உறக்கமே. அஃதறியாது தன்னையே இகழ்ந்து வருந்துகிறான். அந்தோ! எத்துணை வீணான துன்பம்!

இச்சக்கரத்தை நிறுத்தும் வழிகள் உள. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பர் மருத்துவ அறிஞர். விடுமுறை நாளிலும் குறித்த பொழுதிலேயே எழுதல் வேண்டும். இருள் சூழ்ந்ததும் மூளையில் உள்ள பீனியல் சுரப்பி, மெலட்டோனின் என்னும் பொருளைச் சுரந்து உறக்கத்துக்கு வழிசெய்கிறது. கைப்பேசியின் ஒளி அச்சுரப்பைத் தடுக்கக் கூடும். ஆதலின் படுக்கையில் அதற்கு இடம் தரலாகாது. மறுநாள் செய்ய வேண்டியவற்றை ஐந்து நிமிடம் தாளில் எழுதி வைத்தவர்கள் விரைவில் உறங்கினர் என்று 2018-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. நெஞ்சம் சுமந்ததைத் தாள் சுமக்கிறது போலும்! உறக்கம் வரவில்லையெனில் புரண்டு புரண்டு வருந்துதல் வேண்டா. எழுந்து மங்கிய ஒளியில் அமைதியாக அமர்ந்திருந்து, கண் அயரும்போது மீண்டும் படுத்தல் நலம். 1972-இல் ரிச்சர்டு பூட்சின் என்பார் வகுத்த முறை இதனையே வற்புறுத்துகிறது.

ஓரிரவு உறங்காமற் போனால் வாழ்வே கெட்டுவிடும் என்று அஞ்சவும் வேண்டா. அவ்வச்சமே அடுத்த இரவின் உறக்கத்தைக் கெடுக்கும். உறக்கமின்மை வாரக்கணக்கில் நீளுமாயின் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் கூறுதல் கடமை. காய்ச்சலை மறைப்பார் இலர். இதனை மட்டும் மறைப்பது ஏன்?

மாணவர்காள்! நள்ளிரவில் மலையாகத் தோன்றிய துன்பம், நன்கு உறங்கி எழுந்த காலையில் சிறு கல்லாகத் தோன்றுவதுண்டு. இரவில் எழும் அச்சத்தின் சொல்லை உடனே நம்பிவிடாதீர்கள். காலை வரும்வரை பொறுத்திருந்து, தெளிந்த உள்ளத்தோடு அதனை ஆராயுங்கள்.

பயிற்சி

1. பாசறை வேந்தன் உறங்காமைக்குக் காரணம் யாது?
2. ராண்டி கார்ட்னரிடம் காணப்பட்ட மாற்றங்களைக் கூறுக.
3. குதிரை, கடிவாளம் என்னும் உவமைகளை விளக்குக.
4. 'கவலையும் உறக்கமின்மையும் ஒரு சக்கரம்' என்பதனை மாணவன் ஒருவனின் நிலை கொண்டு விளக்கி ஒரு பத்தி வரைக.